எந்தப் பெட்டி வாங்கலாம்? மாயவரத்துக் கடையிலிருந்து ஒரு மடல்

பட்டமங்கலத் தெரு,
மயிலாடுதுறை.

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி வியாபாரத்தின்போது ஒரு பேச்சு எங்கள் காதுக்கு வந்தது. "அந்தக் கடையில எதக் கேட்டாலும் பிளேஸ்டேஷனத்தான் எடுத்து வைக்கிறாங்க, கம்பெனிக்காரன் கமிஷன் குடுக்குறான் போல" என்று. குத்தாலத்திலிருந்து வரும் தம்பி ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். கேட்டதில் தப்பே இல்லை. டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் ஒரு பெட்டிக்காக அரை லட்சத்தை எண்ணி வைப்பவருக்குக் காரணம் கேட்க உரிமை உண்டு. கல்லாவில் கூட்டம் நிற்கும்போது அதையெல்லாம் விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் கமிஷன் விஷயம். புதுப் பெட்டி விற்று எங்களுக்கு நிற்பது சொற்பம். செய்கிறவர்களே பெட்டியில் லாபம் பார்க்க நினைப்பதில்லை. பெட்டி விற்று இதுவரை லாபமே கண்டதில்லை என்று, பிளேஸ்டேஷனுக்குப் போட்டியான எக்ஸ்பாக்ஸ் தரப்பு அதிகாரி ஒருவர் 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியே சொன்னார். அவர்களுக்குப் பணம் வருவது கேமிலும் சந்தாவிலும்தான். எங்களுக்கு வருவது பழைய கேம் டிஸ்க் வாங்கி விற்பதிலும், கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ரிப்பேரிலும். ஆகவே டிஸ்க் ஓடும் பெட்டியை உங்களிடம் விற்றால் நீங்கள் திரும்ப எங்கள் படி ஏறுவீர்கள். அந்த அளவுக்கு இதில் எங்கள் சுயநலம் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

போன வருஷம் மணல்மேட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். மூன்று பெட்டியையும் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எது தம்பி நல்ல ரகம்?" என்றார். பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கேள்வி சரியான கேள்வி. விதை வாங்கப் போனால் உலகத்திலேயே சிறந்த நெல் எது என்று யாரும் கேட்பதில்லை. மேட்டூரில் என்றைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், நம் மடைக்கு என்றைக்கு வந்து சேரும், வயல் மேடா பள்ளமா என்று பார்த்துத்தான் குறுவைக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று என்று முடிவெடுக்கிறோம். பெரியவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, வீட்ல நெட்டு இருக்கா?"

"போன்ல வர்றதுதான்" என்றார்.

இந்தப் பதிலில்தான் எங்கள் முழு வியாபாரமும் தங்கி நிற்கிறது. இன்றைக்கு ஒரு பெரிய கேம் 100 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஒரு நாளைக்கு 2 ஜிபி வரும் ரீசார்ஜில் அதை இறக்க 50 நாள் ஆகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் போனைத் தொடாமல் இருந்தால். டவுனுக்குள் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் வைத்திருப்பவருக்கு ஐந்தரை மணி நேரம் போதும். ஒரே பெட்டி, கச்சேரி ரோட்டில் ஒரு விதம், செம்பனார்கோயில் தாண்டி உள்ளே போனால் வேறு விதம்.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஆரம்பத்தில் டிஸ்க் போட வழியில்லாத, எல்லா கேமையும் நெட்டில்தான் இறக்க வேண்டிய பெட்டி ஒன்றை, விலை குறைவு என்று சொல்லி, சீர்காழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பையனுக்கு விற்றோம். பத்து நாள் கழித்து அவன் அம்மா வந்து, "ஒரு கேம்கூட இன்னும் முழுசா எறங்கல, காசும் போச்சு, புள்ள மூஞ்சியும் போச்சு" என்றார். பெட்டியில் குறையே இல்லை. விற்ற எங்களிடம்தான் குறை. திரும்ப எடுத்துக்கொண்டு, டிஸ்க் ஓடுவதாக மாற்றிக் கொடுத்தோம். நஷ்டம் எங்களோடு.

சரி, மூன்று கம்பெனிப் பெட்டிகளையும் பார்ப்போம். சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், அதன் தம்பி சீரிஸ் எஸ் எல்லாமே 2020 நவம்பரில் வந்தவை. எக்ஸ்பாக்ஸ் அன்றைக்கே இந்தியாவுக்கும் வந்தது. பிளேஸ்டேஷனுக்கு நாம் 2021 பிப்ரவரி 2 வரை காத்திருந்தோம். உள்ளே இரண்டுக்கும் மூளை ஏஎம்டி என்ற சிப் கம்பெனி செய்ததுதான், நினைவகமும் பெரிய பெட்டிகளில் ஆளுக்கு 16 ஜிபி. படம் வரையும் வேகத்தில், காகிதக் கணக்கில் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப், பிளேஸ்டேஷன் 10-ஐக் கொஞ்சம் தாண்டும். பத்தடி தள்ளி உட்கார்ந்து 43 இன்ச் டிவியில் ஆடுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிகிறது என்று அடித்துச் சொல்பவர்களைக் கடையில் கண்ணைக் கட்டாத குறையாகச் சோதித்துப் பார்த்தோம். பாதிப் பேர் மாற்றிச் சொன்னார்கள்.

எக்ஸ்பாக்ஸை நான் மட்டமாகச் சொல்லவே மாட்டேன். நல்ல நெட் இருக்கிற வீட்டுக்கு அதன் கேம் பாஸ் சந்தா பெரிய வரம். புது கேம் ஒன்று நாலாயிரம், ஐந்தாயிரம் விற்கும்போது மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கில் திறந்துவிடுகிறார்கள். முதல் எக்ஸ்பாக்ஸ் காலத்து டிஸ்க்கைக்கூட, எல்லாம் இல்லாவிட்டாலும் சிலவற்றை, சீரிஸ் எக்ஸ் எடுத்துக்கொள்கிறது. கன்ட்ரோலருக்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே பேட்டரி இரண்டு போதும், பெட்டிக்கடையில் கிடைக்கும். ஆனால் 34,990 ரூபாய்க்கு வந்து எல்லோரையும் இழுத்த சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் வழியே கிடையாது. கேம் வைக்க இடம் போதவில்லை என்றால் அதற்கென்றே செய்த தனி கார்டு வாங்க வேண்டும். பிளேஸ்டேஷனில் கம்ப்யூட்டருக்குப் போடும் எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்பு கார்டு, வேகம் சரியாக இருந்தால், எந்தக் கம்பெனியுடையதும் பொருந்தும். இன்னொன்றும் நடந்தது. எக்ஸ்பாக்ஸின் சொந்த கேம்களான சீ ஆஃப் தீவ்ஸ் 2024-லும் ஃபோர்ஸா ஹொரைசன் 5 அடுத்த வருஷமும் பிளேஸ்டேஷனுக்கு வந்துவிட்டன. எதிர்ப்பக்கம் சோனியின் காட் ஆஃப் வாரும் ஸ்பைடர்மேனும் எக்ஸ்பாக்ஸுக்குப் போகவில்லை. எக்ஸ்பாக்ஸ் வீட்டு விருந்தில் பிளேஸ்டேஷனுக்கு இலை உண்டு, பிளேஸ்டேஷன் வீட்டில் எக்ஸ்பாக்ஸுக்கு இலை இல்லை.

மூன்றாவது கம்பெனியான நிண்டெண்டோ பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. 1988-ல் சோனியோடு சேர்ந்து தன் பெட்டிக்கு ஒரு சிடி இணைப்பு செய்ய ஒப்பந்தம் போட்டது. 1991-ல் சிகாகோ கண்காட்சியில் சோனி 'பிளே ஸ்டேஷன்' என்று மேடையேறி அறிவித்த மறுநாளே, நாங்கள் பிலிப்ஸோடு சேர்கிறோம் என்று நிண்டெண்டோ அறிவித்தது. ஊரைக் கூட்டி நிச்சயதார்த்தம் முடித்த மறுநாள் வேறு வீட்டில் தாம்பூலம் மாற்றிய கதை. அந்த அவமானத்தில் சோனியின் கென் குடராகி தனியாகவே பெட்டி செய்து காட்டுகிறேன் என்று இறங்கியதில் பிறந்ததுதான் 1994 டிசம்பர் 3-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிளேஸ்டேஷன். வரப்புத் தகராறில் பிரிந்து போன பங்காளி பெரிய பண்ணை ஆனதை நம் பக்கத்தில் பார்த்ததில்லையா என்ன!

2017-ல் வந்த அவர்களுடைய ஸ்விட்ச் என்ற பெட்டியில் ஒரு குணம் நம் ஊருக்கு அச்சாகப் பொருந்தும்: கரண்ட் போனாலும் கையில் எடுத்துக்கொண்டு ஆடலாம். 2019-க்குப் பிறகு வந்த மாடல் நாலரை மணியிலிருந்து ஒன்பது மணி நேரம் வரை தாங்கும். கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தார்களே, அப்போது எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் ஏற்றிப் பிள்ளைகள் ஆடினார்களாம். குழந்தைகள் வாயில் போடக் கூடாது என்று கேம் வரும் அதன் சின்ன கேசட்டில் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். சந்தேகப்பட்டு நான் நக்கிப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து தோற்றது. மனசுக்குப் பிடித்த கம்பெனி எது என்று கேட்டால் நிண்டெண்டோ என்றுதான் சொல்வேன். மஞ்சள் கேசட்டில் மரியோ ஆடி வளர்ந்தவன் வேறென்ன சொல்வான்? ஆனால் அவர்கள் இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் இறக்குமதி சரக்கு, கம்பெனி வாரண்டி கிடையாது. கன்ட்ரோலரின் குச்சி, தொடாமலே கேமில் ஆளை நகர்த்த ஆரம்பித்தால் நாங்கள்தான் பிரித்து மாற்ற வேண்டும். அதனால் என் மனசை உங்கள் பணத்தில் விற்பதில்லை.

ஆக, கடையின் வாக்கு டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5-க்கு. இந்த ஊரில் அதை வைத்திருப்பவர்கள் அதிகம். நீங்கள் முடித்த டிஸ்க்கைக் கொடுத்து மீதிப் பணம் கட்டி அடுத்ததை எடுத்துப் போகலாம். கால்பந்து கேமுக்கு ஃபிஃபா என்ற பெயரே போய் ஈஏ எஃப்சி ஆன பிறகும் எல்லோரும் ஃபிஃபா என்றே கேட்டு வாங்கும் அந்த டிஸ்க், எங்கள் அலமாரியில் ஐந்தாறு வீடு பார்த்துவிட்டு வந்து நிற்கும். பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகளும் ஏறக்குறைய எல்லாமே இதில் ஓடும். குறையும் உண்டு: ஆள் பெரிசு, நம் வீட்டு டிவி ஸ்டாண்டில் நுழையாது. 2024-ல் வந்த ப்ரோ மாடல், அதன் வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இங்கே அப்போது திறக்காததால், வெளியானபோது இந்தியாவுக்கு வரவில்லை. பிரித்து மாட்டும் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலில் அந்த டிரைவை முதல் தடவை மாட்டும்போது ஒரு முறை நெட் வேண்டும். நெட் இல்லாதவர்கள் கடையிலேயே மாட்டி வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

எந்தப் பெட்டி வாங்கினாலும், வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் பெட்டி அணைந்துவிடும். அறுவடை நாளில் களத்துத் தூசி ஃபேனில் ஏறும். சம்பா முடிந்ததும் ஒரு தடவை கொண்டு வாருங்கள். தரங்கம்பாடி, பூம்புகார்க்காரர்கள் உப்புக்காற்றுக்காக வருஷத்துக்கு இரண்டு தடவை.

தை பிறந்ததிலிருந்து டிஸ்க் இல்லாத பெட்டியை, வீட்டு நெட்டைக் கேட்காமல் பில் போட மாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். மணல்மேட்டுப் பெரியவர் அன்று பிளேஸ்டேஷன்தான் எடுத்தார். கூடவே இரண்டு பழைய டிஸ்க். போன வாரம் அவரே தனியாக வந்து கிரிக்கெட் டிஸ்க்கை மாற்றிக்கொண்டு போனார். பேரன் ஹாஸ்டலில் இருக்கிறானாம்.

இப்படிக்கு,
கடைக்காரர்