கணித வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு பல தலைப்புகளில் கால் வைக்காமல், பருப்பொருளின் நிலைத்தன்மை என்ற ஒன்றையே எடுத்துப் படித்தோம். அது நல்ல முடிவு என்பதே என் கருத்து.

எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் ஒன்றையொன்று இழுத்தும் ஒரு கல் ஏன் உள்ளுக்குள் சுருங்கிப் போவதில்லை? ஒற்றை ஹைட்ரஜன் அணுவுக்கு, எலக்ட்ரானைச் சிறிய இடத்தில் அடைக்க அடைக்க அதன் இயக்க ஆற்றல் கூடும் என்னும் நிச்சயமின்மைக் கொள்கையே போதும். கோடானுகோடி துகள்கள் சேரும்போதுதான் சிக்கல். மொத்த ஆற்றல், துகள்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது என்று காட்டியாக வேண்டும். இதை 1967-இல் டைசனும் லெனார்டும் முதன்முதலில் நிறுவினார்கள். அவர்களுடைய நிரூபணத்தில் சமனின்மைக்கு மேல் சமனின்மையாக வருகிறது. கடைசியில் கிடைக்கும் மாறிலியோ தேவையைவிடப் பல லட்சம் கோடி மடங்கு பெரியது. பலர் பாதியிலேயே களைத்துவிட்டார்கள்.

அப்புறம் லீபும் திர்ரிங்கும் 1975-இல் தந்த நிரூபணத்துக்குப் போனோம். கரும்பலகையில் அதற்கு ஒரு வரிதான் உயிர்: எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல், அடர்த்தியின் 5/3 அடுக்கை வெளி முழுக்கத் தொகையிட்டுக் கிடைப்பதன் ஒரு மாறிலி மடங்குக்குக் குறையாது. இது கைக்கு வந்ததும் கணக்கு, எலக்ட்ரான்களின் அடர்த்தியை மட்டும் வைத்து ஆற்றலைக் கணிக்கும் தாமஸ்-ஃபெர்மி கோட்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. அந்தக் கோட்பாட்டில் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைவதே இல்லை என்று டெல்லர் 1962-இலேயே காட்டியிருந்தார். ஆகவே தனித்தனி அணுக்களின் கூட்டுத்தொகைக்குக் கீழே ஆற்றல் போக வழியில்லை. எலக்ட்ரான்களுக்கிடையிலான விலக்கத்தை மதிப்பிடவும் டெல்லரின் அதே தேற்றமே கைகொடுக்கிறது. இந்த இடத்தைப் புரிந்துகொண்ட மாலையில் யாருக்கும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லை.

அந்த 5/3 வரிக்குப் பின்னால் இருப்பது, இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது என்னும் பவுலியின் விலக்கல் தத்துவம். துகள்கள் எல்லாமே அந்தத் தத்துவத்துக்குக் கட்டுப்படாத போசான்களாக இருந்தால் ஆற்றல் எண்ணிக்கையின் 7/5 அடுக்கு அளவுக்கு இறங்கிவிடும் என்றும் டைசன் 1967-இல் காட்டினார். அப்படிப்பட்ட உலகில் இரண்டு கற்களை ஒன்றாக வைத்தாலே பயங்கரமான ஆற்றல் வெளிப்படும்.

வரும் ஆண்டில் சார்பியலைச் சேர்த்துப் படிக்க விரும்புகிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) கோட்பாட்டை, குவாண்டம் இயக்கவியலிலிருந்தே லீப், யாவ் இருவரும் 1987-இல் வருவித்தார்கள். அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம். அதற்குள் தொகை நுண்கணிதத்தில் பயிற்சி வேண்டும் என்று மாணவ உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள்; மூத்தவர்கள் யாராவது வகுப்பெடுக்க முன்வர வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்