அது வெந்நீர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளியான வியட்நாம் பயணக் கட்டுரையில், ஹனோய் மக்களின் காலை உணவாகிய ஃபோவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. சீன நூடுல்ஸை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கொடுத்தார்கள் என்றும், கையோடு கொண்டுபோன ஊறுகாய்தான் காப்பாற்றியது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டிப் படித்து வருபவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த வரி எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

2019 ஜனவரியில், அப்போது ஹனோயில் வேலை பார்த்துவந்த என் மகனுடன் சில வாரங்கள் தங்கியிருந்தேன். சென்று இறங்கிய மறுநாள் விடியற்காலையில், ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே பழைய நகரத்துச் சந்து ஒன்றில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாக ஃபோ சாப்பிட்டேன். கிண்ணம் வந்ததும் மேசையிலிருந்த மிளகாய்க் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினேன். கடை நடத்திய அம்மாள் என் கையைத் தொட்டு நிறுத்தி, முதலில் சாற்றை மட்டும் குடித்துப் பாருங்கள் என்று சைகையில் சொன்னார். குடித்தேன். அன்னாசிப்பூவின் மணம் முதலில் எழுந்தது, பிறகு பட்டை, அதற்கும் அடியில் எலும்பின் இனிப்பு, விழுங்கிய பின்னர் தொண்டையில் சுட்ட இஞ்சியின் புகைவாசம். நாகர்கோவிலில் எங்களுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் என் அம்மா விறகடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்துக் கொடுத்த எலும்புச் சாறு, அவர் மறைந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, மொழி தெரியாத ஊரில் என் நாக்குக்குத் திரும்பக் கிடைத்தது. அதைத்தான் தங்கள் இதழ் வெந்நீர் என்று அச்சிட்டிருக்கிறது.

அதன்பின் அந்தக் கடைக்கு நான் நாள்தோறும் சென்றேன். என் ஆர்வத்தைக் கண்ட அந்த அம்மாள், ஒருநாள் விடியுமுன்பே வரச்சொல்லிச் சமையற்கட்டில் நிற்க இடம் கொடுத்தார். மாட்டெலும்பை ஒருமுறை கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டி, எலும்பைக் கழுவி மீண்டும் ஏற்றுகிறார்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு நெருப்பில் சுட்டுக் கருகிய தோலை நீக்கிச் சேர்க்கிறார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கருப்பு ஏலக்காய் ஆகியவற்றை வெறும் சட்டியில் வறுத்துப் போட்டு, சிறு தீயில் இரவெல்லாம் வேகவிடுகிறார்கள். நுரை எடுக்க ஆள் விழித்திருந்தால்தான் சாறு அப்படித் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் அதில் ஒன்றுமில்லை என்று முடிவுசெய்திருக்கிறார். உப்புச் சுவைக்கு அவர்கள் சேர்ப்பது நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த மீன் சாறு. நெத்திலியின் அருமை தெரிந்த கடற்கரை மாவட்டத்துக்காரனாகிய எனக்கு அதைப் பிறர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சீன நூடுல்ஸ் என்ற சொல்லும் தவறானது. ஃபோவில் இருப்பது அரிசி. ஊறிய அரிசியை அரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் கட்டிய துணிமேல் மெல்லப் பரப்பி, ஆவியில் வேகவைத்து எடுத்து நாடாவாக நறுக்குகிறார்கள். இட்லித் துணியை அறிந்த நமக்கு இது விளங்காத வித்தையா? அந்த உணவு உருவானதில் சீனர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் வாதிடலாம். ஆனால் அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கு வியட்நாமில், நாம்தின் பகுதியிலும் ஹனோயிலும் வளர்ந்த உணவு என்பதையும், 1954இல் நாடு பிரிக்கப்பட்டபோது தெற்கே பெயர்ந்த மக்களோடு அதுவும் பரவி, அங்கே முளைப்பயறும் துளசியும் சேர்த்துக்கொண்டது என்பதையும் தாங்கள் அறியாதவர் அல்லர். 2024இல் அந்த அரசு இவ்விரு ஊர்களின் ஃபோவையும் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

இது முதல்முறையும் அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் சமையல் இணைப்பில் வியட்நாம் சூப் என்ற தலைப்பில், மைதா நூடுல்ஸையும் சோள மாவையும் சோயா சாஸையும் கலந்து பத்து நிமிடத்தில் செய்யும் ஒன்றை வெளியிட்டீர்கள். அப்போதே இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை, பதிலும் இல்லை. 2025 ஏப்ரலில் வியட்நாம் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பிதழில் பீரங்கி வண்டிகளும் ஹெலிகாப்டர்களும் பக்கம் பக்கமாக இருந்தன. அந்தப் போர்க்காலத்தில் ஹனோயின் அரசுக் கடைகளில் இறைச்சித் துண்டே இல்லாமல் ஃபோ ஊற்றினார்கள் என்பதும், தலைக்குமேல் பறந்த ஆளில்லாத அமெரிக்க உளவு விமானங்களை நினைத்து மக்கள் அதற்கு ‘ஓட்டுநர் இல்லாத ஃபோ’ என்று பெயரிட்டு அதையே உண்டு வாழ்ந்தார்கள் என்பதும் அதில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. ஒரு நாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் மக்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? நம் ரசத்தை அயல்நாட்டார் ஒருவர் புளித்தண்ணீர் என்று எழுதியிருந்தால், தாங்களே கண்டித்துத் தலையங்கம் தீட்டியிருப்பீர்கள்.

கட்டுரையாளர்மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. அவருடைய நாக்குக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதட்டும். அடுத்த இதழில், ஃபோவில் இருப்பது அரிசி நாடா, அதன் சாறு எலும்பை இரவு முழுவதும் வேகவைத்து எடுப்பது என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். இடம் இல்லையென்றால் அந்த முதல் வரியை மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நாகர்கோவில்