எடையோடு நிறுத்திவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதல் ஹார்ட் டிஸ்க் பற்றிய கட்டுரை படித்தேன். 1956ல் ஐபிஎம் கொண்டுவந்த ரேமாக், ஒரு டன் எடை, 50 தட்டு, மொத்தமே 50 லட்சம் எழுத்து, இன்றைக்கு செல்போன் போட்டோ ஒன்றுக்கே அது சரியாகப் போய்விடும் என்று முடித்துவிட்டீர்கள். எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதில் ஒரு தகவலை வைத்து எடுக்க புரோகிராமர் பட்ட பாட்டை யாருமே எழுதுவதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம்.

ரேமாக்கில் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் பேச்சே கிடையாது. ஐந்து இலக்க முகவரிதான். முதல் இரண்டு இலக்கம் தட்டு, அடுத்த இரண்டு ட்ராக் (தட்டில் உள்ள வட்டப் பாதை), கடைசி ஒன்று செக்டர் (அந்தப் பாதையின் ஒரு துண்டு). ஆக 50,000 இடம், இடத்துக்கு 100 எழுத்து. ஆனால் கம்பெனியின் பொருள் எண் ஏழு, எட்டு இலக்கத்தில் இருக்கும். அதை ஏதாவது கணக்குப் போட்டு 50,000க்குள் அடக்க வேண்டும், அப்புறம் இரண்டு பொருளுக்கு ஒரே முகவரி வந்தால் இரண்டாவதை எங்கே வைப்பது என்றும் யோசிக்க வேண்டும். இந்தத் தலைவலியைப் பற்றித்தான் 1957ல் பீட்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஐபிஎம்மின் ஆய்விதழான ஐபிஎம் ஜர்னலில் எழுதினார். இன்று கல்லூரியில் ஹேஷிங் என்று நடத்துகிறார்களே, அந்தப் பாடம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளில், ஐபிஎம் 360 கம்ப்யூட்டர், அதில் 2314 என்ற டிஸ்க். ஃபைலுக்குப் பெயர் வந்துவிட்டது, கணக்கு போகவில்லை. ஒரு ட்ராக்கில் 7,294 பைட், பைட் என்றால் ஓர் எழுத்துக்கான இடம். பஞ்ச் கார்டில் வந்த 80 பைட் ரெக்கார்டுகளைத் (தகவல் பதிவுகளை) தனித்தனியாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் விடும் இடைவெளியே 100 பைட்டுக்கு மேல் தின்றுவிடும், 40 ரெக்கார்டோடு ட்ராக் நிரம்பிவிடும். அதையே 44 ரெக்கார்டாகச் சேர்த்து 3,520 பைட் பிளாக்காக எழுதினால் இரண்டு பிளாக், அதாவது 88 ரெக்கார்டு கொள்ளும். புதிதில் நான் இது தெரியாமல் ரவுண்டாக இருக்கட்டும் என்று 3,600 போட்டுவிட்டேன். ஒரே ஒரு ரெக்கார்டுதான் கூடுதல், ஆனால் நடுவில் விடும் இடைவெளியும் சேர்ந்ததால் இரண்டாவது பிளாக்குக்கு இடமில்லை, ட்ராக்குக்கு 45தான். ராத்திரி ஷிஃப்டில் டிஸ்க்கில் இடம் போதாமல் பி37 என்ற பிழைக் குறியீட்டோடு ஜாப் நின்றுபோனது. மறுநாள் சீனியர் திட்டவில்லை, எந்த பிளாக் அளவுக்கு ட்ராக்கில் எத்தனை கொள்ளும் என்று கையால் எழுதிய சார்ட் ஒன்றைக் கொடுத்து மேஜையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த முறை எழுதும்போது இந்த வேலையையும் எழுதுங்கள் சார். அந்தச் சார்ட் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரோகிராமர் ஒருவர்,
சேலம்