சிட்டி ஹால் ஸ்டேஷன்

அன்புள்ள குமரேசா,

இங்கே எல்லோரும் நலம். உனக்குச் சர்க்கரை குறைந்ததா, இல்லை இன்னும் அல்வாக் கடைக்குச் சேவகம்தானா? இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. ரயில்வேக்காரனிடம் சொல்லாமல் இருக்க முடியாத சமாச்சாரம் ஒன்று சிக்கியிருக்கிறது.

நியூயார்க்கில் ஆறாம் நம்பர் சுரங்க ரயில் புரூக்ளின் பிரிட்ஜ் ஸ்டேஷனோடு முடிகிறது. எல்லோரும் இறங்கினார்கள். பையன் மட்டும் என்னை எழுந்திருக்க விடவில்லை. காலி வண்டி திரும்புவதற்காக ஒரு வளைவில் நுழைந்து கிறீச்சிட்டபடி ஊர்ந்தது. வெளியே பார்க்கிறேன், பூட்டிக் கிடக்கும் ஒரு ஸ்டேஷன், பெயர் சிட்டி ஹால்! பச்சையும் வெள்ளையுமாக ஓடு பதித்த வளைவுக் கூரை, பித்தளைச் சரவிளக்கு, கண்ணாடி பதித்த வெளிச்சத் திறப்புகள். அந்தக் கூரை குவாஸ்டவினோ குடும்பத்தார் கைவேலை. மெல்லிய ஓடுகளைச் சிமெண்டில் அடுக்கடுக்காக ஒட்டியே வளைத்திருக்கிறார்கள்.

1904 அக்டோபர் 27 அன்று இந்த ஊரின் முதல் சுரங்க ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது. மேயர் மெக்லெல்லன் சும்மா கிளப்பிவிட்டால் போதும் என்றுதான் ஏற்பாடு. மனிதர் கைப்பிடியை விடாமல் 103-ஆவது தெரு வரை தானே ஓட்டிவிட்டார். நம் ஹெட்மாஸ்டர் வேன் ஓட்டிய கதைதான், போ!

மூடியதற்குக் காரணம் அந்த வளைவு. பின்னால் வந்த நீளப் பெட்டிகளில் நடுவிலும் கதவு. வளைந்த பிளாட்பாரத்தில் நடுக்கதவு எட்டி நிற்குமே, நீயே சொல்வாய். எக்ஸ்பிரஸ் நிற்கும் புரூக்ளின் பிரிட்ஜும் நடை தூரம். கடைசியில் தினம் அறுநூறு பேர்தான் வந்தார்களாம். 1945 டிசம்பர் 31-ல் பூட்டு விழுந்தது. ஊரிலேயே அழகான ஸ்டேஷனுக்கு ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போதும் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டுமானால் டிரான்சிட் மியூசியத்தில் உறுப்பினராகி, டிக்கெட் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். என்ன நியாயம் இது?

பையன் சிரிக்கிறான். "ஆளே வராத ஸ்டேஷனுக்கு அழுகிறீர்களே அப்பா" என்கிறான். எனக்குச் சுருக்கென்றது, குமரேசா. ரிட்டயர் ஆனதிலிருந்து நீ வாசற்படி தாண்டுவதில்லை என்று தங்கச்சி போனில் சொன்னாள். செட்டியார் கடைப் பக்கமாவது சாயங்காலம் போய் உட்காரக் கூடாதா? கோபித்துக்கொள், பரவாயில்லை.

அப்புறம், வளைவில் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள் என்று விவரமாக எழுது. பிளாட்பாரத்தை நீட்டினால் சரியாகிவிடும் என்று பையன் அடம்பிடிக்கிறான். என் பேச்சு எடுபடவில்லை.

அன்புடன்,
ராஜு