முதல் வகுப்புக்கு முன்பே முடிந்துபோன ரீஃபண்ட் காலம்: இணையவழிக் கல்வி நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை,
அருப்புக்கோட்டை,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழிக் கல்வி நிறுவனம்.

நகல்: கடன் வழங்கிய நிதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர்.

பொருள்: பத்தாம் வகுப்பு தமிழ்வழிப் பயிற்சிக்காகப் பெற்ற ₹42,000-ஐத் திருப்பித் தருவதும், அதற்காக என் பெயரில் போட்ட கடனை முடித்துத் தருவதும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் செயலியில் நான் பதிவு செய்த புகாரை "தீர்வு காணப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். என்ன தீர்வு என்று திறந்து பார்த்தால், "ரீஃபண்ட் காலம் முடிந்துவிட்டது" என்று ஒரே ஒரு வரி. போனில் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் முழு விவரத்தையும் ஒரே இடத்தில் எழுதி அனுப்புகிறேன். பொறுப்பில் உள்ள ஒருவர் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த ரீஃபண்ட் காலக் கணக்கு. உங்கள் ஆலோசகர் எங்கள் வீட்டுக்கு வந்தது மே மாதம், கோடை விடுமுறையில். "15 நாள் படிச்சுப் பார்க்கட்டும் சார், பிடிக்கலைன்னா முழுப் பணமும் திரும்ப வந்துடும்" என்றார். அதைக் கேட்டுத்தான் சம்மதித்தேன். கடன் தொகை அதே வாரம் உங்கள் கணக்குக்குப் போய்விட்டது. டேப்லெட் ஜூன் கடைசியில் கூரியரில் வந்தது. நேரலை வகுப்பு ஜூலையில் தொடங்கியது. நீங்களோ அந்த 15 நாளைப் பணம் வந்து சேர்ந்த தேதியிலிருந்து எண்ணியிருக்கிறீர்கள். டேப்லெட் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே "படித்துப் பார்க்கும்" காலம் முடிந்துவிட்டது. இலையே போடாமல் பந்தி முடிந்துவிட்டது என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

"விதிமுறைகளில் தெளிவாக இருக்கிறது" என்று உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு சொல்கிறது. அந்த விதிமுறைகள் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக, கடன் தொகை உங்களிடம் வந்த பிறகுதான் எனக்கு மின்னஞ்சலில் வந்தன. வீட்டில் உட்கார்ந்து தமிழில் ஒன்று பேசிவிட்டு, ஆங்கிலத்தில் வேறொன்றை எழுதி அனுப்பினால் நான் எதை நம்பிப் பணம் கொடுத்தேன் என்று எடுத்துக்கொள்வீர்கள்? ஆலோசகர் அன்று இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு என்னிடம் இருக்கிறது. 15 நாள் பற்றிய பேச்சு அதில் அப்படியே இருக்கிறது.

அடுத்து, பாடம். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள், அரையாண்டு வினாத்தாள், பொதுத்தேர்வு வினாத்தாள் எல்லாம் வருடந்தோறும் என் மெஷினில்தான் நகல் ஆகின்றன. ஆகவே தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் கணக்கு வினாத்தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். 100-க்கு 16. கணக்கு சுமாராக வரும் பிள்ளைகள்கூட இந்த 16-ஐ நம்பித்தான் பரீட்சை ஹாலுக்குள் போகிறார்கள். பள்ளிகளிலும் இந்த இரண்டு கேள்விக்குத்தான் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

உங்கள் செயலியில் இந்த இரண்டுமே இல்லை. அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து முக்கோணம் வரைவது எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. உங்களிடம் தேடினால் எதுவும் வருவதில்லை. காரணம் எளிது. நீங்கள் கொடுத்திருப்பது சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்காக எடுத்த காணொளி. சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தைப் போடும் என்.சி.இ.ஆர்.டி., தன் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் குறைத்தபோது செய்முறை வடிவியல் பாடத்தையே எடுத்துவிட்டது. அங்கே இல்லாதது உங்களிடமும் இல்லை. அதே காணொளிக்குத் தமிழில் குரல் கொடுத்து, மேலே "தமிழ்நாடு ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம்" என்று பெயர் ஒட்டியிருக்கிறீர்கள். பேச்சு தமிழில் ஓடுகிறது. பலகையில் எழுதுவது முழுக்க ஆங்கிலம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை பலகையைப் பார்த்து எதை நோட்டில் எழுதிக்கொள்ளும்?

சந்தேகம் தீர்க்கும் வசதியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பணம் கட்டியதே அதற்குத்தான். y = x² + x − 2 என்ற கணக்குக்கு வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு x² + x − 2 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். என் மகள் அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறித்துவிட்டாள். வளைவு சரியாக வரவில்லை. இடது பக்கம் ஒரு புள்ளி மட்டும் வெளியே தள்ளி நின்றது. x-க்கு −3 போட்டு வர்க்கம் எடுக்கும்போது குறியைத் தவறாகப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆசிரியர் இருந்திருந்தால் விரலால் தொட்டுக் காட்டி அரை நிமிடத்தில் முடித்திருப்பார். அவள் வரைபடத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். மறுநாள் வந்த பதிலில் (x + 2)(x − 1) = 0 என்று காரணிப்படுத்தி, x = −2, 1 என்று விடை இருந்தது; கூடவே ஒரு காணொளி இணைப்பு. விடை சரிதான். ஆனால் அவள் கேட்டது அது கிடையாது. வரைபடம் வரையச் சொன்னால் அளவுத்திட்டம் எழுதி, புள்ளி வைத்து, வளைவு வரைந்தால்தான் மதிப்பெண். அவள் அனுப்பிய தாளை யாரும் பார்க்கவே இல்லை என்பது அந்தப் பதிலிலேயே தெரிகிறது. அடியில் "உங்கள் சந்தேகம் தீர்ந்தது" என்று பச்சை டிக் வேறு. இல்லை என்று சொல்ல அங்கே பொத்தானே கிடையாது.

நேரலை வகுப்பு என்று நீங்கள் சொல்வதும் நேரலை இல்லை. திரையின் மூலையில் "லைவ்" என்று சிவப்பாக எரிகிறது. என் மகள் சாட்டில் கேள்வி கேட்டால் பதில் வராது. ஆசிரியை "எல்லாருக்கும் புரிஞ்சுதா? வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை வகுப்பின் முடிவில் அதே ஆசிரியை எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து சொன்னார். அப்போதுதான் நாங்கள் பார்ப்பது எப்போதோ எடுத்த பதிவு என்று உறுதியானது. அந்தப் பகுதியைத் திரைப்பதிவு செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்த ஆசிரியை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, நன்றாகவே நடத்துகிறார். பழைய பதிவை நேரலை என்று விற்ற உங்கள் நிறுவனத்தின் மீதுதான் புகார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வெறும் காணொளிக்கு எங்கள் ஊரில் யாரும் பணம் கட்டத் தேவையில்லை. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே கியூ.ஆர். கோடு இருக்கிறது, போனில் ஸ்கேன் செய்தால் பாடம் வருகிறது. கல்வித் தொலைக்காட்சி 2019-இலிருந்து ஓடுகிறது. பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி செயலியில் 6 முதல் 12 வரை மாநிலப் பாடத்திட்டப்படியே காணொளிகள் இருக்கின்றன, தமிழிலேயே, இலவசமாக. இவை எதிலும் இல்லாத ஒன்று, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள். "உங்க பொண்ணுக்குன்னு தனியா ஒரு மென்டார் இருப்பாங்க" என்றுதான் உங்கள் ஆலோசகர் சொன்னார். ₹42,000 அந்த ஆளுக்காகக் கொடுத்தது. அவர் யார் என்று இதுவரை எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. நீங்கள் கொடுத்த டேப்லெட்டில் உங்கள் செயலியைத் தவிர வேறு எதுவும் ஏறாது. மணற்கேணியைக்கூடப் போட முடியவில்லை. சந்தா நின்றால் அந்த டேப்லெட் எதற்குமே உதவாது என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் ஆலோசகர் எங்கள் வீட்டில் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆங்கிலத்தில் வரிசையாகக் கேள்வி கேட்டார். நான் பின்னால் விசாரித்ததில், அவற்றில் பாதிக்கு மேல் பதினோராம் வகுப்புக் கணக்கு. அவள் முழித்தாள். "பாருங்க சார், பேசிக்கே வீக்கா இருக்கு, இப்படியே விட்டா பப்ளிக்ல கஷ்டம்" என்று என் அம்மாவின் முன்னாலேயே சொன்னார். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 83 வாங்கிய பிள்ளை அவள். அதன் பிறகு பல நாள் "அப்பா, நான் நிஜமாவே வீக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்றவர்களைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்க ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையில் கை வைக்கிறீர்கள். பணம் திரும்பி வந்தாலும் இந்தக் காயத்துக்கு உங்களிடம் ரீஃபண்ட் கிடையாது. இந்த "தேர்வு" முறையை எல்லா ஊரிலும் உடனே நிறுத்துங்கள்.

இனி கடன். "இது லோன் இல்லை சார், தவணை வசதிதான். ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க, ஃபார்ம் சப்மிட் ஆகணும்" என்று அவருடைய டேப்பிலேயே எல்லாவற்றையும் முடித்தார். மாதம் ₹3,500 என் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்தம் ஆகும்போது தான், கேள்விப்பட்டிராத ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் இருப்பது தெரிந்தது. டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி வகுத்திருக்கிறது. வட்டி, கட்டணம், திருப்பிச் செலுத்தும் விவரம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை ஒப்பந்தத்துக்கு முன்பே கடன் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலக ஒரு கால அவகாசமும் தர வேண்டும். எனக்கு இரண்டுமே தரப்படவில்லை. கடன் என்றே சொல்லாதவர்கள் அதிலிருந்து விலகும் வழியை எப்படிச் சொல்வார்கள்?

வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் பிடித்தம் நிற்கவில்லை. கணக்கில் பணம் இல்லாத ஒரு மாதம், இரவு 9 மணிக்கு மேல் வசூல் ஆள் போன் செய்தார். அதுவும் பதிவுக்காகக் கொடுத்திருந்த என் மனைவியின் எண்ணுக்கு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவுதான். இந்தப் பகுதிக்கு நிதி நிறுவனம் தனியாகப் பதில் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

உங்கள் ஊழியர் ஒருவர், "கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது சார், நீங்க கேஸ் போட முடியாது" என்று சொன்னார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பயிற்சி மையங்களின் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் பள்ளியோ பல்கலைக்கழகமோ கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ₹5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் மாவட்ட ஆணையத்துக்கு இங்கிருந்து பஸ் ஏறினால் போதும். கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில், இணையவழிக் கல்வி நிறுவனங்களின் தானியங்கிப் பிடித்தம், தெரியாமல் போடப்படும் கடன் ஆகியவை குறித்துப் பெற்றோரை எச்சரித்து அறிவுரை வெளியிட்டது. அந்த அளவுக்கு இது ஊரறிந்த விஷயம்.

என் கோரிக்கை இதுதான். இதுவரை பிடித்த தவணைகள் முழுவதையும் என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். மீதிக் கடனை நீங்களே நிதி நிறுவனத்துக்குச் செலுத்தி, கடன் முடிந்ததற்கான சான்றை எனக்குத் தர வேண்டும். என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் இதனால் ஏறிய குறிப்பையும் நீக்க வேண்டும். டேப்லெட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகளின் பெயர், போட்டோ, போன் எண், அவள் அனுப்பிய தாள்கள் எல்லாவற்றையும் உங்கள் பதிவிலிருந்து அழித்துவிட்டு அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பணத்துக்குப் பதிலாக வேறு கோர்ஸ், கூடுதல் மாதம், கூப்பன் எதுவும் வேண்டாம்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதுவரை காத்திருப்பேன். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. இந்த விஷயமாக வீட்டு எண்ணுக்கு இனி யாரும் கூப்பிட வேண்டாம்; பதிலை எழுத்தில், தமிழில், என் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

குரல் பதிவு, திரைப்பதிவு, வரைபடக் கணக்குக்கு வந்த பதிலின் படம், கூரியர் ரசீது, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அருப்புக்கோட்டை.