விருப்பப் பட்டியலைப் பள்ளியிலேயே போட வையுங்கள்: வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வில் ஒரு பிள்ளை செய்யவேண்டிய முக்கியமான வேலை ஒன்றுதான்: கல்லூரியையும் பாடப்பிரிவையும் தன் விருப்பப்படி வரிசைப்படுத்திக் கொடுப்பது. நம் ஊர்களில் அந்த வேலை பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில் நடக்கிறது. பிள்ளையை முன்பின் அறியாத ஒருவர், பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார். ஏழு வருடம் படிக்க வைத்த பள்ளி அந்த இடத்தில் இல்லை. எங்கள் வேண்டுகோள் இதுதான்: அந்தப் பட்டியலை உங்கள் ஹைடெக் லேபில், பாட ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது போட வையுங்கள்.

ரேங்கைத் தீர்மானிக்கும் கட்-ஆஃப் மதிப்பெண் கணக்கை ஏப்ரலிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். கணிதம் நூறுக்கு அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். கணிதம் 78, இயற்பியல் 70, வேதியியல் 66 என்றால் 78 + 35 + 33 = 146. மொத்தம் 200. மதிப்பெண் பட்டியலின் கூட்டுத்தொகையைப் பார்த்து, "இவ்வளவு வாங்கியும் ரேங்க் பின்னால் போயிற்றே" என்று திகைக்கும் பெற்றோர் பலர். இந்த ஒரு வரிக் கணக்கு தெரிந்திருந்தால் அந்தத் திகைப்பு வராது.

பட்டியலில் நடக்கும் பெரிய தவறு, போன வருடம் அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்-ஆஃபைப் பார்த்து வரிசை போடுவது. "இது நமக்குக் கிடைக்காது" என்று நல்ல கல்லூரியைக் கீழே தள்ளிவிடுகிறார்கள், அல்லது எழுதுவதே இல்லை. கணினி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறது. முதலாவது இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதுவதால் எந்த நஷ்டமும் கிடையாது. ஆனால் ஐந்தாவதாக எழுதியது கிடைத்துவிட்டால் ஆறாவதை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே வரிசை விருப்பத்தின்படி இருக்கட்டும், நீளம் பயத்தின்படி இருக்கட்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும்போது எட்டுப் பத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் ஒதுக்கீடே இல்லாமல் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளவற்றுக்கும் காத்திருக்கலாம் என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், மேலே எழுதிய ஒன்று கிடைத்தவுடன் கையில் இருந்தது போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஒரு பெண் ஐந்தாவதாகப் பாகாயம் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரியை எழுதி, நான்காவதாக யாரோ சொன்ன தூரத்துத் தனியார் கல்லூரியை எழுதியிருந்தால், அரசுக் கல்லூரி கைக்கு வந்தும் நழுவிப்போகும். பட்டியலைப் பூட்டும் முன் அடுத்தடுத்த இரண்டு வரிகளை விரலால் தொட்டு, "இரண்டும் கிடைத்தால் எதில் சேருவாய்?" என்று கேளுங்கள். மேலே உள்ளதைச் சொல்லாவிட்டால் அந்த இரண்டையும் இடம் மாற்றுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும்.

ஓடிபி வரும் செல்போன் எண் வீட்டாருடையதாக இருக்கட்டும். சென்டர்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு, உறுதிசெய்ய வேண்டிய நாளில் கடை பூட்டியிருக்கிறது என்று நிற்கும் நிலை வேண்டாம்.

அடுத்தது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அதே பிள்ளை மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகிறவருக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகையும் கிடையாது. ரிசல்ட் வந்த வாரத்தில் கிராமங்களுக்கு வரும் புரோக்கர்கள் இதைச் சொல்வதில்லை. அட்வான்ஸோடு அசல் சான்றிதழ்களையும் வாங்கிக்கொள்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்துவிட்டது. டி.சி. கொடுக்கும் அன்றே இதைப் பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏழாம், எட்டாம் வகுப்பில் பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கு மாற்ற வருபவர்களிடமும் சொல்லுங்கள். இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த உரிமை போய்விடும் என்று அப்போது அவர்களுக்குத் தெரிவதில்லை.

கல்லூரியை எடைபோட விளம்பரப் பலகை உதவாது. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடுகிறது. முதலில் அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி தானே கேள்வித்தாள் எடுத்துத் தானே திருத்துகிறது, அதன் தேர்ச்சியை மற்றதோடு ஒப்பிடக்கூடாது. தேசிய அங்கீகார வாரியம் (என்பிஏ) தரும் அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான், கல்லூரி முழுமைக்கும் அல்ல. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்டால் அதிகபட்சச் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். எத்தனை பேர் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் உண்மையில் வேலைக்குப் போனார்கள், நடுவில் இருப்பவருக்கு என்ன சம்பளம் என்று கேட்கவேண்டும். ஆலங்காயத்திலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ தினமும் போய்வரும் பிள்ளைக்கு பஸ் கட்டணமும் பயண நேரமும் நான்கு வருடச் சுமை. அதையும் கணக்கில் சேருங்கள்.

எல்லோருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொருந்தாது. பொறியியலின் தொடக்கப் பருவங்களில் கணிதம் தொடர்ந்து வரும், அரியர் சேருவதும் பெரும்பாலும் அங்கேதான். கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை நன்றாக அறிந்தவர் உங்கள் கணித ஆசிரியர். அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தை வீட்டாரிடம் சொல்லுங்கள். +2 முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். பட்டயம் முடித்தபின் வேண்டுமானால் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். தொரப்பாடி அரசு பாலிடெக்னிக்குக்கும் பாகாயம் பொறியியல் கல்லூரிக்கும் தந்தை பெரியார் பெயர்தான். எது எதுவென்று விளக்கிச் சொல்லுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். தோல் தொழில்நுட்பம் இருக்கிறது, இதே கலந்தாய்வில்தான் வருகிறது. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. தோல் என்றாலே டேனரியில் கூலி வேலை என்று பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். உள்ளே வேதியியல் ஆய்வகம், காலணி வடிவமைப்பு, ஏற்றுமதித் தரச் சோதனை எல்லாம் உண்டு. டேனரிக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இந்தத் தொழிலின் தவிர்க்க முடியாத பகுதி ஆகிவிட்டது, அதற்கும் படித்த ஆள் வேண்டும். வேதியியலை விரும்பிப் படிக்கும் பிள்ளை நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தப் பெயரையே கேள்விப்படாமல் போவது எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. நர்சிங், லேப் டெக்னாலஜி கேட்பவர்களிடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) தனி விண்ணப்பம், தேதியும் வேறு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சான்றிதழ்களை ஜனவரியிலேயே தொடங்குங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றும் இ-சேவையில் போட்டபின் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., வட்டாட்சியர் அலுவலகம் என்று நகரவேண்டும். ஜூனில் எல்லோரும் ஒன்றாகப் போட்டால் அங்கேயே தேங்கிவிடும். சாதிச் சான்றிதழில் இனிஷியல் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் வேறொன்று என்றிருந்தால் அதைத் திருத்துவதற்கே வாரங்கள் ஆகும். ஜவ்வாது மலைப் பிள்ளைகளின் பழங்குடிச் சான்றிதழுக்கு இன்னும் முன்னதாக, பதினொன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கெங்கே படித்தார் என்ற சான்றை நீங்கள்தான் தரவேண்டும். பெற்றோர் கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அரசு நடத்தும் ‘கல்லூரிக் கனவு’ உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் பேசப்படுபவை பிள்ளைகளுக்கு உற்சாகம் தருகின்றன. அதன்பின் ஒவ்வொரு பிள்ளையோடும் அரை மணி நேரம் உட்கார உங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியர்களை நியமித்து, விருப்பப் பட்டியல் பதிவுசெய்யும் நாட்களில் லேபைக் காலை முதல் மாலை வரை திறந்துவைக்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
கலந்தாய்வு மாணவர்களுக்கு உதவும் தன்னார்வலர்கள்,
வேலூர்