பழைய சுங்கக் கட்டிடம்: முதலில் அடித்தளம், அப்புறம் பூச்சு

அன்புடையீர்,

துறைமுக வாசலில் பூட்டிக் கிடக்கும் பழைய சுங்கக் கட்டிடத்தைப் பழுதுபார்க்க நன்கொடை கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். வெள்ளையடிக்க அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே நடந்த வேலை தானாகப் புரியும். கீழ்த்தளத்தில் முழங்கை நீளத்துக்கும் மேல் தடித்த சுவர்கள், வண்டி நுழையும் அகலத்தில் வாசல். சரக்கை இறக்கி எடைபோட்டு, தீர்வை கட்டும்வரை பூட்டி வைத்த இடம் அது. மாடியில் ஒரே நீளக் கூடம். கேப்டன்களும் வணிகர்களும் முகவர்களும் மேசை மேசையாக நகர்ந்து தாள்களில் முத்திரை வாங்கியது அங்கேதான். கடலைப் பார்த்த உயரமான சன்னல்கள், வரும் கப்பலைக் கவனிக்கவும் கணக்கெழுத வெளிச்சம் கிடைக்கவும் வைத்தவை. முகப்பில் நிற்கும் பெரிய தூண்கள் மட்டும் ஆளை மிரட்டத்தான் என்பது எங்கள் கட்சி. வரி வாங்கும் இடம் அல்லவா!

சரக்கை அடைத்து வரும் பெரிய இரும்புப் பெட்டிகளான கொள்கலன்கள் வந்தபின் சோதனையெல்லாம் சரக்கு முனையத்துக்குப் போய்விட்டது. உலகெங்கும் இத்தகைய கட்டிடங்கள் வேலையிழந்தன. சில வேறு வேலை தேடிக்கொண்டன. சிட்னியில் 1845இல் கட்டிய சுங்க மாளிகை இன்று நூலகம். நுழைந்ததும் காலடியில், கண்ணாடித் தரைக்குக் கீழே, நகரத்தின் சிறு மாதிரி விரிகிறது. நியூயார்க்கில் 1907இல் முடிந்த சுங்க மாளிகையில் 1994 முதல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. நம்முடையது கிடங்காக இருந்தது, அலுவலகமாக இருந்தது, பிறகு பூட்டுதான். மாடிக் கூடத்தைப் படிப்பகமாக்க ஆசை.

ஆசை இருக்கட்டும். லண்டனில் 1817இல் திறந்த சுங்க மாளிகையின் நீளக் கூடத் தரை 1825இல் இடிந்து விழுந்தது. அடித்தளத்துக்கு இறக்கிய மரத்தூண்களில் ஒப்பந்தக்காரர்கள் ஏமாற்றியிருந்தது அப்புறம்தான் வெளிவந்தது. கட்டிடத்தின் நடுப்பகுதியைக் கட்டிடக் கலைஞர் ராபர்ட் ஸ்மர்க் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அதனால் வரும் பணத்தில் முதல் பங்கு மண்ணையும் அடித்தளத்தையும் தோண்டிப் பார்ப்பதற்கே.

இரண்டாவது, சுவர். முன்பு யாரோ நல்லெண்ணத்தில் பூசிய சிமெண்டு, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டது. கடலுப்பு செங்கலுக்குள் படிகமாகி, சுவர் மாவாய் உதிர்கிறது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, உப்பு வெளியேற விட்டு, சுண்ணாம்புக் காரையால் மறுபடி பூச வேண்டும். அவசரப்பட்டால் கெடும் வேலை. காரை அறிந்த கொத்தனார்களின் கூலிதான் பெரிய செலவு.

ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலியை நீங்கள் ஏற்றாலும் எங்களுக்குப் பேருதவி. பணம் முடியாதவர்கள் வீட்டிலிருக்கும் பழைய புகைப்படத்தையோ தீர்வைச் சீட்டையோ இரவல் தாருங்கள், படியெடுத்துத் திருப்பிவிடுவோம். ரசீது உடனே தருவோம். வரவு செலவு மாதந்தோறும் கட்டிட வாசலில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
சீரமைப்புக் குழுவினர்